‘முதலில் என் ஆயுதத்தைக் களைந்துவிடும்!’ - அட்லஸ் மலைத் துறவிகளின் பிரார்த்தனை

1993-ம் ஆண்டு, டிசம்பர் 24. வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியா நாட்டில், அட்லஸ் மலைத்தொடரில் இருக்கிறது திபிரின் என்ற சிற்றூர். அங்கே இருந்த கிறிஸ்தவத் துறவு மடத்தில் கிறிஸ்துமஸ் இரவு வழிபாட்டுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. இருட்டிய நேரத்தில் ஆறு பேர் துப்பாக்கிகளோடு உள்ளே வந்தார்கள். அவர்களின் தலைவர் சாயா அத்தியா. அந்த வட்டாரத்தையே நடுங்கவைத்திருந்த ஆயுதக் குழுவின் தளபதி.

பத்து நாள்களுக்கு முன்புதான், மடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வேலை செய்துகொண்டிருந்த 12 குரோஷியத் தொழிலாளர்களைக் கழுத்தறுத்துக் கொன்றிருந்தார்கள். வெளிநாட்டவர் அனைவரும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று தீவிரவாதிகள் விதித்த கெடுவும் டிசம்பர் 1-ம் தேதியோடு முடிந்திருந்தது. மடத்தில் இருந்த துறவிகளோ பிரெஞ்சுக்காரர்கள்.

‘இங்கே தலைவர் யார்?’ என்று கேட்டார்கள். கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே முன்னால் வந்தார். வயது 56. ‘இது அமைதியின் வீடு. இதற்குள் இதுவரை யாரும் ஆயுதத்தோடு வந்ததில்லை. பேச வேண்டுமென்றால் ஆயுதங்களை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். முடியாது என்றால் நாம் வெளியே போய்ப் பேசலாம்’ என்ற பொருளில் சொன்னார். அத்தியா அவரோடு வாசலுக்கு வெளியே போனார்.

அவர் கேட்டது மூன்று விஷயங்கள். காயம்பட்ட தன் ஆட்களுக்குச் சிகிச்சையளிக்க மடத்து மருத்துவர் மலைக்கு வர வேண்டும். மருந்துகள் வேண்டும். பணமும் வேண்டும்.

மூன்றுக்கும் கிறிஸ்தியானின் பதில் ‘முடியாது’ என்பதுதான். மருத்துவருக்கு வயதாகிவிட்டது, ஆஸ்துமா இருக்கிறது, மலையேற முடியாது. காயம்பட்டவர்கள் மற்றவர்களைப் போல மருந்தகத்துக்கு வந்தால் வைத்தியம் பார்க்கப்படும். மருந்து நோயாளிகளுக்கானது. பணமோ, தாங்கள் உழைத்துச் சாப்பிடும் அளவுக்குத்தான் இருக்கிறது. வேறு வழியில்லை என்று அத்தியா மிரட்டியபோதும், இருக்கிறது என்றே பதில் சொன்னார். பிறகு, அமைதியின் அரசர் பிறந்த நாளைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருக்கிறோம், இந்த நேரத்தில் ஆயுதத்தோடு வந்திருக்கிறீர்களே என்றார்.

அத்தியா மன்னிப்புக் கேட்டார். அது தெரியாமல் வந்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டு இருட்டில் மறைந்தார். அன்றிரவு கிறிஸ்துமஸ் வழிபாடு நடந்தது.

இதை வீரக் கதையாகச் சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். ஆனால், துறவிகளுக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

என்ன வேண்டிக்கொள்வது?

துப்பாக்கியோடு வந்தவர் போய்விட்டார். ஆனால், திரும்பி வருவார். அவருக்காக என்ன பிரார்த்தனை செய்வது?

இந்தக் கேள்வி கிறிஸ்தியானைத் தூங்கவிடவில்லை. அந்த மனிதரைக் கொன்றுவிடும் என்று கடவுளிடம் கேட்க முடியாது. ஆனால், அவரிடமிருந்து ஆயுதத்தைக் களைந்துவிடும் என்று கேட்கலாம் அல்லவா? அப்படித்தான் முதலில் நினைத்தார். அடுத்த கணமே இன்னொரு கேள்வி வந்தது. ‘அவருடைய ஆயுதத்தைக் களையச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முதலில் என்னிடமிருந்து களையும், எங்கள் எல்லோரிடமிருந்தும் களையும் என்றல்லவா கேட்க வேண்டும்?’ பின்னாளில் ஆன்மிக உரைகளில் இதை அவரே பகிர்ந்துகொண்டார். அதுவே தன் அன்றாட வேண்டுதல் என்றும் சொன்னார்.

துறவிகளிடம் என்ன ஆயுதம் இருந்தது? கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனால், பயம் இருந்தது. எதிராளியை மனிதராகவே பார்க்க விடாத வெறுப்பு, எந்த நேரமும் உள்ளே நுழையக் காத்திருந்தது. ‘நாங்கள் நல்லவர்கள், அவர்கள் கொலைகாரர்கள்’ என்ற நினைப்பும் ஓர் ஆயுதம்தான் என்பது கிறிஸ்தியானுக்குப் புரிந்தது.

அதனால் அந்த மடத்தில் ‘தீவிரவாதி’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். மலையில் பதுங்கியிருந்தவர்களை ‘மலையில் இருக்கும் சகோதரர்கள்’ என்றார்கள். அவர்களைத் தேடிவந்த ராணுவத்தினரை ‘சமவெளியில் இருக்கும் சகோதரர்கள்’ என்றார்கள். இரண்டு தரப்பையும் நியாயப்படுத்துவதற்காக அல்ல. இரண்டு தரப்பிலும் இருப்பது மனிதர்கள் என்பதைத் தாங்களே மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

கிணற்றடியில் இறந்த நண்பர்

பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தியானுக்கு அல்ஜீரியாவோடு இருந்த உறவு 1959-ல் ஆழமானது. 1830-லிருந்து பிரான்ஸின் ஆட்சியில் இருந்த நாடு அது. விடுதலைப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், இளம் ராணுவ அதிகாரியாக அவர் அங்கே அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் முகமது. ஊர்க்காவலர், பத்துக் குழந்தைகளின் தந்தை, இறைபக்தி மிகுந்த முஸ்லிம். இருவரும் நடந்துகொண்டே கடவுளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

ஒருநாள் மோதல் ஒன்றில் கிறிஸ்தியானின் உயிருக்கு ஆபத்து வந்தபோது, முகமது குறுக்கே வந்து அவரைக் காப்பாற்றினார். மறுநாள், தன் வீட்டுக் கிணற்றடியில் முகமது கொலையுண்டு கிடந்தார்.

தனக்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார், அவர் தன் மதத்தைச் சேர்ந்தவரும் அல்ல. இந்த உண்மை கிறிஸ்தியானை வாழ்நாள் முழுக்க விடவில்லை. இயேசு தன் உயிரைக் கையளித்ததைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவருக்கு, அதன் பொருளைக் கண்முன் காட்டியவர் ஒரு முஸ்லிம். அந்த நாட்டுக்கே திரும்பிப் போய்ப் பிரார்த்தனையில் வாழ வேண்டும் என்று முடிவெடுத்தார். 1971-ல் திபிரின் மடத்துக்கு வந்தார். ரோம் நகருக்குச் சென்று அரபு மொழியும் இஸ்லாமும் படித்துத் திரும்பினார். 1984-ல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கிறிஸ்தியான் அடிக்கடி சொன்ன இன்னொரு நிகழ்வும் உண்டு. ஊரைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் அவரோடு ஆன்மிகம் பேச வருவார். அந்த உரையாடலுக்கு இருவரும் வைத்திருந்த பெயர், ‘நம் கிணற்றைத் தோண்டுவது’. ஒருநாள் கிறிஸ்தியான் விளையாட்டாக, ‘இந்தக் கிணற்றின் அடியில் என்ன கிடைக்கும்? முஸ்லிம் தண்ணீரா, கிறிஸ்தவத் தண்ணீரா?’ என்று கேட்டார். இத்தனை நாள் சேர்ந்து தோண்டியும் இன்னும் இப்படிக் கேட்கிறீர்களே என்பதுபோல் பார்த்த இளைஞர், கிடைக்கப்போவது கடவுளின் தண்ணீர்தான் என்றார்.

காய்கறித் தோட்டமும் தொழுகை அறையும்

திபிரின் மடத்தினர் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவு சபையைச் சேர்ந்தவர்கள். அதிகாலை இருட்டில் எழுந்து, ஒரு நாளில் பலமுறை கூடிப் பிரார்த்திப்பார்கள். மற்ற நேரத்தில் மௌனமாக உழைப்பார்கள். ‘திபிரின்’ என்ற பெர்பர் மொழிச் சொல்லுக்கே ‘தோட்டங்கள்’ என்று பொருள். மடத்து நிலத்தை ஊர்க்காரர்களோடு சேர்ந்து பயிரிட்டு, விளைச்சலைப் பகிர்ந்துகொண்டார்கள். யாரையும் மதம் மாற்றுவது அவர்களின் வேலையாக இருக்கவில்லை. ஊரில் மசூதி இல்லாத காலத்தில், மடத்தின் ஓர் அறையையே தொழுகைக்குக் கொடுத்தார்கள். மடத்து மணியோசையும் பாங்கோசையும் ஒரே வளாகத்திலிருந்து கேட்டன.

1979-ல் கிறிஸ்தியானும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘ரிபாத் அஸ்-ஸலாம்’. ‘அமைதியின் பிணைப்பு’ என்று பொருள். பக்கத்து நகரமான மெதேயாவின் சூஃபிகளும் இதில் கலந்துகொண்டார்கள். இருவரும் விவாதம் செய்யவில்லை. ஒரே விஷயத்தை மனதில் வைத்து அவரவர் வழியில் பிரார்த்தித்து, அவ்வப்போது கூடி அனுபவத்தைப் பகிர்ந்தார்கள்.

அந்த மடத்தின் மருத்துவர்தான் லூக் தோஷியே. 1946-ல் வந்தவர், ஐம்பது வருடங்கள் அங்கேயே இருந்தார். ஒரு நாளில் நூறு பேர் வரைகூட அவரைத் தேடி வருவார்கள். காசு வாங்கியதில்லை. வந்தவர் எந்தக் கட்சி, எந்தப் படை என்று கேட்டதும் இல்லை. தன்னைக் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியில் இருந்த போர்க் கைதிகள் முகாமுக்கு மருத்துவராகப் போக வேண்டியிருந்த ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தானே முன்வந்து போனவர். 1959-ல், அல்ஜீரிய விடுதலைப் படையினர் அவரைக் கடத்திச் சென்றார்கள். ‘இவர் நம் டாக்டர்’ என்று போராளி ஒருவர் அடையாளம் காட்டியதால் விடுவிக்கப்பட்டார். உடல்நலம் தேறியதும் மீண்டும் அதே மருந்தகத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

போவதா, இருப்பதா?

1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமியக் கட்சி முன்னிலை பெற்றது. அடுத்த மாதமே ராணுவம் தேர்தலை ரத்து செய்தது. அதிலிருந்து மூண்ட உள்நாட்டுப் போரில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் சாதாரண முஸ்லிம்கள். கொலையை ஆதரிக்க மறுத்த இமாம்களும் அதில் அடக்கம்.

அந்த கிறிஸ்துமஸ் இரவுக்குப் பிறகு துறவிகள் கூடிப் பேசினார்கள். அவர்கள் பயமே அறியாத மனிதர்கள் அல்லர். ஆயுதக் குழு வந்தபோது, வயதில் இளையவரான கிறிஸ்தோஃப் நிலவறைக்குள் ஒளிந்துகொண்டவர்தான். அடுத்த சில நாள்களில், கிளம்பிவிடலாம் என்ற எண்ணமே பலருக்கும் இருந்தது. மாவட்ட நிர்வாகம் ஆயுதப் பாதுகாப்புக் கொடுக்க முன்வந்தது. துப்பாக்கிக் காவல் போட்டால், காயம்பட்ட ஏழைகள் மருந்தகத்துக்கு வர அஞ்சுவார்கள். அதனால் அதை ஏற்கவில்லை.

ஒவ்வொருவரும் தன் மனதில் இருந்ததைச் சொன்னார்கள். வாக்கெடுப்பும் நடந்தது. கிறிஸ்தியான் தலைவராக இருந்தாலும், ‘எல்லோரும் இருந்தே ஆக வேண்டும்’ என்று உத்தரவு போடவில்லை. நாள் செல்லச் செல்ல அவர்களுக்கு ஒன்று தெளிவானது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குப் போக வேறு நாடு இல்லை. பயம் அவர்களுக்கும் இருக்கிறது. நல்ல காலத்தில் அவர்களின் விளைச்சலில் பங்கு கேட்டுவிட்டு, கெட்ட காலம் வந்ததும் விமானம் ஏறிவிடுவதா? ஒரே இடத்தில், ஒரே சமூகத்தோடு இறுதிவரை நிலைத்திருப்பதாக டிராப்பிஸ்ட் துறவிகள் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கில் இந்த ஊரும் சேர்ந்ததுதான் என்று அவர்கள் உணர்ந்தார்கள்.

‘இருக்கிறோம்’ என்று முடிவானது. அதன் பிறகும் அந்த முடிவை ஒருமுறை எடுத்து மூடிவைத்துவிடவில்லை. 1994 முதல், அவர்களுக்குத் தெரிந்த துறவிகளும் அருட்சகோதரிகளும் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டபோது, திரும்பத் திரும்பக் கூடி, தங்களைத் தாங்களே கேட்டு, மீண்டும் அதே முடிவுக்கு வந்தார்கள்.

சரணடைவதில் இரண்டு வகை

தமிழில் ‘சரணடைதல்’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறோம். தேடப்பட்டவர் காவல் நிலையத்தில் சரணடைகிறார். பக்தர் கடவுளிடம் சரணடைகிறார். முதலாவது, வேறு வழியில்லாமல் நடப்பது. இரண்டாவது, வழிகள் இருந்தும் மனம் ஒப்பிச் செய்வது.

திபிரின் துறவிகள் துப்பாக்கிக்குச் சரணடையவில்லை. மருத்துவரைக் கேட்டபோது ‘முடியாது’ என்றார்கள், பணத்தைக் கேட்டபோதும் ‘முடியாது’ என்றார்கள். மிரட்டலுக்கு அஞ்சி ஊரைவிட்டும் ஓடவில்லை. அவர்கள் தங்களை ஒப்படைத்தது கடவுளிடம். அப்படி ஒப்படைத்துவிட்டதால்தான், மிரட்டியவரிடம் மரியாதையாகவும் அதே நேரம் உறுதியாகவும் பேச முடிந்தது. இயேசு கெத்சமனே தோட்டத்தில் வியர்வை சிந்தப் பிரார்த்தித்ததும் இதே ஒப்படைப்புதான். அங்கேயும் பயம் இருந்தது. பயத்தின் கையில் முடிவை விடவில்லை, அவ்வளவுதான்.

‘இஸ்லாம்’ என்ற சொல்லின் பொருளும் இறைவனிடம் தன்னை ஒப்படைப்பதுதான். ‘ஸலாம்’ என்ற அமைதியைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. அரபு படித்த கிறிஸ்தியானுக்கு இந்த நெருக்கம் நன்றாகத் தெரியும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தன்னை ஒப்படைப்பது என்பது ஒருவர் தன்னிடம் மட்டுமே கேட்டுக்கொள்ளக்கூடிய விஷயம். அடுத்தவரிடம் கேட்க முடியாது. அடி வாங்கும் மனைவியிடம் ‘பொறுத்துப் போ’ என்பதும், ஏமாற்றப்பட்ட தம்பியிடம் ‘விட்டுக்கொடு’ என்பதும் ஆன்மிகம் ஆகாது. அது, அநியாயம் செய்பவருக்கு உதவுவது. திபிரினில் ஒவ்வொருவரும் சுதந்திரமாக யோசித்து, தன் உயிரைத் தானே முன்வைத்தார்கள். அதனால்தான் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

கொல்லப்போகிறவருக்கு நன்றி

வெளிநாட்டவருக்கு விதித்த கெடு முடிந்த 1993 டிசம்பர் 1-ம் தேதி, கிறிஸ்தியான் ஒரு கடிதத்தை எழுதத் தொடங்கினார். 1994 ஜனவரி 1-ல் அதை முடித்து, மூடி முத்திரையிட்டுத் தன் குடும்பத்துக்கு அனுப்பினார். தான் கொல்லப்பட்டால் மட்டும் திறக்க வேண்டிய கடிதம் அது.

தன் உயிர் ஏற்கெனவே கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அதில் கேட்டிருந்தார். பெயர்கூடத் தெரியாமல் கொல்லப்படும் எத்தனையோ பேரின் உயிரைவிடத் தன் உயிருக்கு மதிப்பு அதிகமில்லை என்றார். தன் சாவைக் காட்டி அல்ஜீரிய மக்களையோ இஸ்லாத்தையோ பழிக்கக் கூடாது என்று வேண்டினார். மறைசாட்சி என்ற பெருமை தனக்குக் கிடைப்பதற்காக ஓர் அல்ஜீரியர் கொலைகாரர் ஆவதைத் தான் விரும்பவில்லை என்றும் எழுதினார். கடைசியில், தன்னைக் கொல்லப்போகிறவரையே நண்பராக அழைத்து, அவருக்கும் நன்றி சொன்னார். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வனை மனதில் வைத்து, இருவரும் சொர்க்கத்தில் சந்திக்க வேண்டும் என்ற ஆசையோடு முடித்தார்.

1996 மார்ச் 26-ம் தேதி நள்ளிரவு கடந்ததும் ஆயுதக் குழுவினர் மடத்துக்குள் புகுந்து ஏழு துறவிகளைக் கடத்திச் சென்றார்கள். கிறிஸ்தியான், கிறிஸ்தோஃப், மிஷேல், செலஸ்தான், பவுல் ஆகியோரோடு 82 வயது லூக்கும் அதில் ஒருவர். ஏழாவது நபரான புருனோ, மொராக்கோவிலிருந்து விருந்தினராக வந்திருந்தவர். மேலும் இரண்டு துறவிகள் கடத்தல்காரர்களின் கண்ணில் படாமல் தப்பினார்கள். ஏழு பேரும் கொல்லப்பட்டதாக மே மாதத்தில் ஆயுதக் குழுவின் அறிக்கை வந்தது. மே 30-ல் மெதேயா அருகே அவர்களின் தலைகள் மட்டும் கண்டெடுக்கப்பட்டன. உண்மையில் யார் கொன்றார்கள் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை.

ஏழு பேரும் ஜூன் 4-ம் தேதி திபிரின் மடத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கடத்தலில் தப்பியவர்களில் ஒருவர் ஜான் பியர் ஷூமாக்கர். ‘நான் மட்டும் ஏன்?’ என்ற கேள்வியோடு அவர் பிரான்ஸுக்குத் திரும்பிவிடவில்லை. பக்கத்து நாடான மொராக்கோவுக்குப் போய், முஸ்லிம்களிடையே அதே பிரார்த்தனை வாழ்க்கையைத் தொடர்ந்தார். 2019-ல் மொராக்கோ வந்த போப் பிரான்சிஸ், அவருடைய கையை முத்தமிட்டு மரியாதை செய்தார். 2021 நவம்பரில், 97 வயதில் ஷூமாக்கர் காலமானார்.

இந்தத் துறவிகளின் கதை 2010-ல் பிரெஞ்சுத் திரைப்படமாக வந்து, கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரி விருதைப் பெற்றது. 2018 டிசம்பர் 8-ல் அல்ஜீரியாவின் ஓரான் நகரில், இந்த ஏழு பேரோடு சேர்த்து அந்தப் போரில் உயிரிழந்த 19 மறைசாட்சிகளை கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர்களாக அறிவித்தது. ஒரு முஸ்லிம் நாட்டில், அரசின் சம்மதத்தோடு, முஸ்லிம்களும் கலந்துகொள்ள அந்த விழா நடந்தது.

நம் வீட்டு ஆயுதங்கள்

நம் வாசலில் துப்பாக்கியோடு யாரும் நிற்கப்போவதில்லை. ஆனால், நம் எல்லோரிடமும் ஆயுதங்கள் இருக்கின்றன. பத்து வருடங்களுக்கு முன்பு மாமியார் சொன்ன ஒரு சொல்லைப் பத்திரமாக வைத்திருந்து, சரியான நேரம் பார்த்து எடுத்து வீசுகிறோம். சொத்துத் தகராறில் அண்ணனோடு பேசுவதை நிறுத்தி, அந்த மௌனத்தையே கத்தியாகப் பிடித்திருக்கிறோம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரைக் குத்துகிறோம் என்று எல்லோருக்கும் புரியும்படி ஒரு ஸ்டேட்டஸ் வைக்கிறோம்.

சண்டை தீர வேண்டும் என்று நாமும்தான் வேண்டிக்கொள்கிறோம். ‘அவருக்கு நல்ல புத்தி கொடு சாமி’ என்பதுதான் பெரும்பாலும் அந்த வேண்டுதல். அதில் தவறில்லை. ஆனால், அதற்கு முன்னால் கிறிஸ்தியானைப் போல ஒரு வரி சேர்க்கலாம். ‘முதலில் என்னிடம் இருக்கும் ஆயுதத்தைக் களைந்துவிடும்.’

இந்த ஒரு வரிக்குச் சில வேலைகளும் உண்டு. எதிராளிக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயரை வீட்டுக்குள்கூடச் சொல்லாமல் இருப்பது. சேர்த்து வைத்திருக்கும் பழைய கணக்கில் ஒன்றையாவது திரும்ப எடுப்பதில்லை என்று முடிவெடுப்பது. மறுக்க வேண்டியதை மறுக்கும்போதும், குரலில் அவமானம் கலக்காமல் மறுப்பது. கிளம்பிப் போய்விடலாம் என்று தோன்றும் உறவில், பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றால், இன்னும் ஒரு நாள் இருந்து பார்ப்பது.

இதனால் எதிரில் இருப்பவர் மாறிவிடுவார் என்று உத்தரவாதம் எதுவும் இல்லை. திபிரினில் அந்த ஒருநாள் இரவு அத்தியா மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு வருடங்களுக்கும் மேல் கழித்து வந்தவர்கள் அப்படிப் போகவில்லை. ஆனால், இரண்டு இரவுகளிலும் அந்தத் துறவிகளின் உள்ளத்தில் வெறுப்பு இல்லை. அமைதி என்பது மற்றவர் தர வேண்டிய பரிசு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் பக்கத்துப் பங்கை அவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தார்கள்.